கார்பன் டை ஆக்சைடு – கன ஹைட்ரோகார்பன் கலவைகளின் நிலைமை நடத்தை

கார்பன் டை ஆக்சைடையும் நீண்ட சங்கிலி ஹைட்ரோகார்பன்களையும் அழுத்தத்தில் ஒன்றுசேர்த்தால், அந்தக் கலவை சில வெப்பநிலைகளிலும் அழுத்தங்களிலும் ஒரே பாய்மமாக இருக்கும். வேறு சிலவற்றில் இரண்டாகவோ மூன்றாகவோ பிரியும். சில வேளை திண்மமும் படியும். இந்த எல்லைகளையும் அவற்றின் காரணங்களையும் ஆராய்வதே நிலைமை நடத்தை பற்றிய ஆய்வு. இயைபும் பண்புகளும் எங்கும் சீராக அமைந்த பகுதியை வேதியியல் ஒரு நிலைமை என்கிறது. வளிமம் ஒரு நிலைமை, திரவம் இன்னொன்று. தம்முள் கலவாத இரு திரவங்கள் இரண்டு நிலைமைகள். எண்ணெய் வயல்களில் எஞ்சிய கச்சா எண்ணெயை வெளிக்கொணர்வதற்கும், தீர்ந்துபோன வயல்களில் கார்பன் டை ஆக்சைடைத் தேக்குவதற்கும் இந்த அறிவுதான் அடிப்படை.

தூய கார்பன் டை ஆக்சைடின் மாறுநிலைப் புள்ளி 31.0 °செ வெப்பநிலையிலும் 73.8 பார் அழுத்தத்திலும் அமைகிறது. மாறுநிலை என்ற கருத்தையே இந்த வளிமத்தைக் கொண்டுதான் பெல்ஃபாஸ்டில் தாமஸ் ஆண்ட்ரூஸ் நிறுவி, 1869-இல் அறிவித்தார். அப்புள்ளிக்கு மேலே வளிமத்துக்கும் திரவத்துக்கும் இடையே எல்லைக்கோடு இல்லை. 40 °செ வெப்பநிலையில் 100 பார் அழுத்தம் கொடுத்தால் அதன் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 630 கிலோகிராமை எட்டும். அடர்த்தியில் திரவத்தை நெருங்கினாலும், அதன் பாகுநிலை எண்ணெயினுடையதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். கன ஹைட்ரோகார்பன்களோ வேறு துருவத்தில் இருப்பவை. 16 கார்பன் அணுக்கள் கொண்ட ஹெக்சாடெகேன் சுமார் 450 °செ வெப்பநிலையில்தான் தன் மாறுநிலையை அடைகிறது. ஒன்று எளிதில் விரிந்து சுருங்கும் பாய்மம், மற்றது அழுத்தத்துக்கு அசையாத திரவம். கலவையின் சிக்கல்கள் பலவும் இந்த ஏற்றத்தாழ்விலிருந்து பிறக்கின்றன.

ஏற்றத்தாழ்வு மட்டுமே காரணம் என்று நின்றுவிட முடியாது. ஈத்தேனின் மாறுநிலை வெப்பநிலை 32.2 °செ, கார்பன் டை ஆக்சைடினுடையதிலிருந்து ஒரு டிகிரிதான் வேறுபடுகிறது. ஆனால் ஈத்தேன் 17 கார்பன் சங்கிலி வரையிலான நேர்ச்சங்கிலி ஆல்க்கேன்களோடு இரு திரவங்களாகப் பிரியாமல் கலக்கிறது. 18-இல்தான் பிளவு தொடங்குகிறது. கார்பன் டை ஆக்சைடில் அந்தப் பிளவு அதற்கு வெகு முன்பே வந்துவிடுகிறது. இதற்கு மூலக்கூறின் அமைப்பைத்தான் காரணமாகச் சொல்ல வேண்டும். கார்பன் டை ஆக்சைடுக்கு இருமுனைத் திருப்புத்திறன் இல்லை. நான்முனைத் திருப்புத்திறன் உண்டு, அதுவும் வலுவானது. அம்மூலக்கூறுகள் தம்முள் ஈர்த்துக்கொள்ளும் அளவுக்கு ஆல்க்கேன் சங்கிலியை ஈர்ப்பதில்லை. சங்கிலி நீள நீள இந்தப் பொருத்தமின்மை பெருகுகிறது. ஆல்பிரட் ஃபிரான்சிஸ் 1954-இல் திரவ கார்பன் டை ஆக்சைடில் 261 பொருட்களின் கரைதிறனைச் சோதித்து வெளியிட்ட தொகுப்பு, எது கலக்கும் எது கலக்காது என்ற கேள்விக்குக் கிடைத்த முதல் விரிந்த விடை. பென்சீன் போன்ற சிறு மூலக்கூறுகள் எந்த விகிதத்திலும் கலந்தன. நீண்ட சங்கிலிகளும் பல வளையங்கள் கொண்டவையும் பின்தங்கின.

இந்த வரிசையை ஒழுங்குபடுத்திப் பார்க்க உதவுவது பீட்டர் வான் கோனினன்பர்க்கும் ராபர்ட் ஸ்காட்டும் 1980-இல் வெளியிட்ட வகைப்பாடு. வான் டெர் வால்ஸ் சமன்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு, இருகூறுக் கலவைகளின் மாறுநிலைக் கோடுகள் எத்தனை விதமாக ஓடக்கூடும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். கார்பன் டை ஆக்சைடு – ஆல்க்கேன் குடும்பம் அந்த வகைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து செல்கிறது. ஹெப்டேன் முதல் டோடெகேன் வரை இரண்டாம் வகை: இரு தூய பொருட்களின் மாறுநிலைப் புள்ளிகளையும் ஒரே கோடு இணைக்கிறது; திரவம் இரண்டாகப் பிரிவது தாழ்ந்த வெப்பநிலையில் ஒதுங்கி நிற்கிறது. 14 கார்பன் கொண்ட டெட்ராடெகேன் முதல் மூன்றாம் வகை: கோடு அறுந்துவிடுகிறது. கன ஆல்க்கேனின் மாறுநிலையிலிருந்து புறப்படும் கிளை, கார்பன் டை ஆக்சைடின் மாறுநிலையைச் சென்றடையாமல் திரும்பி உயர் அழுத்தத்தை நோக்கி ஏறிவிடுகிறது. நடுவில் இருப்பது 13 கார்பன் கொண்ட டிரைடெகேன் மட்டுமே. அது நான்காம் வகை. தாழ்ந்த வெப்பநிலையில் ஒரு மூநிலைமைப் பகுதியும், கார்பன் டை ஆக்சைடின் மாறுநிலை வெப்பநிலைக்குச் சற்று மேலே சில டிகிரி அகலமே உள்ள இன்னொன்றும் அதில் உண்டு. சங்கிலியில் ஒரு கார்பன் கூடுவதும் குறைவதும் படத்தின் வடிவத்தையே மாற்றிவிடுவதால், நிலைமைச் சமநிலையைப் பயில்வோருக்கு இதைவிடச் சிறந்த குடும்பம் கிடைப்பது அரிது.

மூநிலைமை என்பது வளிமம், எண்ணெய் மிகுந்த திரவம், கார்பன் டை ஆக்சைடு மிகுந்த திரவம் ஆகிய மூன்றும் ஒரே கலத்தில் சமநிலையில் இருப்பது. இருகூறுக் கலவையில் கிப்ஸின் நிலைமை விதி இதற்கு ஒரே ஒரு கட்டற்ற மாறியைத்தான் விட்டுவைக்கிறது. வெப்பநிலையைத் தீர்மானித்தால் அழுத்தம் தானே தீர்மானமாகிவிடும். படத்தில் அது வெறும் கோடு. பல நூறு கூறுகள் கலந்த கச்சா எண்ணெயில் அக்கட்டுப்பாடு தளர்ந்து, அதே கோடு ஒரு பட்டையாக விரிகிறது.

அடர்த்தியின் போக்கும் வியப்பூட்டுவது. 20 °செ வெப்பநிலையில் தன் ஆவியோடு சமநிலையில் உள்ள திரவ கார்பன் டை ஆக்சைடின் அடர்த்தி கன மீட்டருக்கு 773 கிலோகிராம். அதே வெப்பநிலையில் ஹெக்சாடெகேனின் அடர்த்தியும் ஏறக்குறைய அதுவே. அழுத்தத்தை ஏற்றினால் கார்பன் டை ஆக்சைடு வேகமாகச் சுருங்கும். 25 °செ, 200 பாரில் அது 900 கிலோகிராமைத் தாண்டிவிடும். எண்ணெயோ அசைவதில்லை. அதனால் மேலே மிதந்த கார்பன் டை ஆக்சைடுத் திரவம் கீழே இறங்கி, எண்ணெய் மேலேறும் தலைகீழ் மாற்றம் நிகழ்கிறது. கண்ணாடிச் சாளரம் பொருத்திய உயரழுத்தக் கலங்களில் இதை நேரடியாகக் காணலாம். எது மேல் அடுக்கு என்று மட்டும் குறித்து வைத்த அளவீடுகள் நம்பத்தக்கவை அல்ல. அடுக்குகளின் இயைபையும் எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

எண்ணெய்த் துறையில் இக்கலவை பெரிய அளவில் இறங்கியது 1972-இல், மேற்கு டெக்சாஸின் ஸ்கரி மாவட்டத்திலுள்ள கெல்லி–ஸ்னைடர் வயலில். பின்னர் கொலராடோவின் மெக்கெல்மோ டோம் இயற்கைத் தேக்கத்திலிருந்து ஏறத்தாழ 800 கிலோமீட்டர் குழாய் போட்டு டெக்சாஸுக்கு கார்பன் டை ஆக்சைடு அனுப்பினார்கள். கனடாவின் வேபர்ன் வயலுக்கு 2000 முதல் வட டகோட்டாவின் நிலக்கரி வளிமமாக்கல் ஆலையிலிருந்து அது வருகிறது.

நிலத்தடியில் எண்ணெயும் கார்பன் டை ஆக்சைடும் தொட்டவுடன் ஒன்றாகிவிடுவதில்லை. எண்ணெய் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிப் பருக்கிறது, அதன் பாகுநிலை சரிகிறது. எதிர்த்திசையில் கார்பன் டை ஆக்சைடு எண்ணெயின் இடைநிலைக் கூறுகளைத் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. மீத்தேன் இலகுவானவற்றையே எடுக்கும். அடர்ந்த கார்பன் டை ஆக்சைடு ஐந்து கார்பனில் தொடங்கி முப்பது கார்பன் அளவு வரையுள்ளவற்றையும் பிரித்தெடுக்கும் என்று ஹோமும் ஜோசென்டாலும் 1974-இல் காட்டினார்கள். முன்னேறும் முனையில் இந்தப் பரிமாற்றம் மீண்டும் மீண்டும் நடந்து, இரண்டுக்கும் இடையேயான இடைமுக இழுவிசை மறையும் அளவுக்கு அவை ஒத்துப்போகின்றன. அதற்குத் தேவையான மிகக் குறைந்த அழுத்தத்தை ஆய்வகத்தில் மெல்லிய குழாய்ச் சோதனையால் காண்கிறார்கள். மணலோ கண்ணாடி மணிகளோ நிரப்பிய, பெரும்பாலும் 12 மீட்டரும் அதற்கு மேலும் நீளும் சுருள்குழாயில் எண்ணெயை நிறைத்து, வெவ்வேறு அழுத்தங்களில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்துவார்கள். வெளிவரும் எண்ணெயின் அளவு எந்த அழுத்தத்தில் ஏறுவதை நிறுத்திச் சமதளமாகிறதோ, அதுவே விடை.

தேக்கத்தின் வெப்பநிலை சுமார் 50 °செ-க்குக் கீழே இருந்தால் மூநிலைமைப் பட்டை குறுக்கிடுகிறது; மேற்கு டெக்சாஸிலும் நியூ மெக்சிகோவிலும் இத்தகைய வயல்கள் பல. எண்ணெய், வளிமம் என்று இரண்டே நிலைமைகளைக் கொண்டு எழுதிய கணினி மாதிரிகள் இங்கே தடுமாறும். மூன்றாம் நிலைமையைத் தொல்லையாக மட்டும் கருதுவது சரியல்ல என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. கார்பன் டை ஆக்சைடு மிகுந்த அந்தத் திரவம் அடர்த்தியானது. கன கூறுகளைக் கரைப்பதில் வளிமத்தைவிட வல்லது. எண்ணெயைத் தள்ளும் வேலையில் பெரும்பங்கு அதனுடையது.

கணக்கீட்டுக்குப் பரவலாகப் பயன்படுவது ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் டிங்-யூ பெங்கும் டொனால்ட் ராபின்சனும் 1976-இல் தந்த நிலைச் சமன்பாடு. அதில் கார்பன் டை ஆக்சைடுக்கும் ஆல்க்கேனுக்கும் இடையே 0.1-ஐ ஒட்டிய இடைவினைக் குணகம் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதைப் பூச்சியமாக விட்டால் சமன்பாடு இரண்டையும் நெருங்கிய நண்பர்களாக்கி, கலப்பதற்கான அழுத்தத்தைக் குறைத்துச் சொல்லும். ஏழு கார்பனுக்கு மேற்பட்ட அனைத்தையும் ஒரே கூறாகச் சுருக்கும் வழக்கம் இன்னொரு பலவீனம். 13-க்கும் 14-க்கும் இடையே வகையே மாறும் குடும்பத்தில் அத்தகைய சுருக்கத்தை அளவீட்டோடு ஒப்பிடாமல் ஏற்கக் கூடாது.

திண்மங்களைப் பொறுத்தவரை மெழுகும் அஸ்பால்ட்டீனும் எதிரெதிராக நடந்துகொள்கின்றன. கரைந்த கார்பன் டை ஆக்சைடு மெழுகு ஆல்க்கேன்களின் உருகுநிலையைத் தாழ்த்துகிறது. அதாவது மிதமான அழுத்தத்தில் மெழுகு திரவமாக நீடிக்க உதவுகிறது. அஸ்பால்ட்டீன்களையோ அது எண்ணெயிலிருந்து வெளியேற்றுகிறது. பல வளையங்கள் கொண்ட அந்தக் கரிய துகள்கள் பாறைத் துளைகளிலும் கிணற்றுக் குழாயிலும் படிகின்றன. படிந்தவை அழுத்தத்தை மாற்றினால் எளிதில் திரும்பக் கரைவதில்லை. அதனால் சைலீன் போன்ற அரோமாட்டிக் கரைப்பான்களைச் செலுத்திக் கிணறுகளைக் கழுவுகிறார்கள்.