பாலக்குறிச்சியும் பொருளாதாரப் பட்டமும்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. எனினும் அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பொருளாதாரம் அங்கே தனித்து நிற்கும் துறையாக விளங்கவில்லை. வரலாறு பயிலும் மாணவர் அதனோடு சேர்த்துப் படித்துத் தேர்வெழுதும் ஒரு பகுதியாகவே அது இருந்துவந்தது. இதனைச் சென்னையின் குறை என்று மட்டும் சொல்லிவிடலாகாது. ஆல்பிரட் மார்ஷல் பெரிதும் வாதாடியதன் பயனாகக் கேம்பிரிட்ஜிலேயே 1903ஆம் ஆண்டில்தான் பொருளாதாரத்திற்கெனத் தனித் தேர்வு ஏற்பட்டது.

காவிரிக் கரையில் கும்பகோணத்தில் 1854இல் பள்ளியாகத் தொடங்கிப் பின்னர் கல்லூரியாக வளர்ந்த அரசினர் நிறுவனம் ‘தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்’ என்று புகழப்பட்டது. மிராசுதார்களின் மக்களும், உத்தியோகத்தை நாடிய குடும்பங்களின் மக்களும் அங்கே பயின்றனர். நூலில் கண்ட பொருளாதாரம் பெரும்பாலும் ஆங்கில நாட்டின் ஆலைத் தொழிலையும் வணிகத்தையும் பற்றியது. ஜான் ஸ்டூவர்ட் மில் இந்தியக் குடியானவரின் நில உரிமை பற்றி எழுதாமலில்லை. ஆனால் கல்லூரிச் சுவருக்கு அப்பால் குறுவை நடவு செய்துகொண்டிருந்தவரின் கூலியை அந்நூலைக் கொண்டு கணக்கிட முடியாது. அது நெல்லாக அளக்கப்பட்டது. வேலிக்கு இருபது மா, கலத்திற்குப் பன்னிரண்டு மரக்கால் என்பது ஊரார் அனைவரும் அறிந்த வாய்ப்பாடு. பட்டத் தேர்வுக்கு அது தேவைப்படவில்லை.

இந்நிலையை மாற்றியவர் கில்பர்ட் ஸ்லேட்டர். 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக அவர் வந்தார். அதற்குமுன் ஆக்ஸ்போர்டில் தொழிலாளர் கல்விக்கென அமைந்த ரஸ்கின் கல்லூரியின் தலைவராக இருந்தவர். இங்கிலாந்தில் ஊர்ப் பொதுநிலங்கள் வேலியிட்டு அடைக்கப்பட்டபோது சிறு உழவருக்கு நேர்ந்ததைக் குறித்து 1907இல் அவர் நூல் எழுதியிருந்தார். நிலம் உடையவரைப் பற்றிக் கேட்கும்போதே அதை இழந்தவரைப் பற்றியும் கேட்கும் வழக்கம் அவருக்கு ஏற்கெனவே இருந்தது என்பது நம் கவனத்திற்குரியது.

ஸ்லேட்டர் ஒரு வினாத்தாளைத் தயாரித்து, விடுமுறையில் ஒரு கிராமத்திற்குச் சென்று விடை கண்டு வருமாறு 1916இல் தம் மாணவரைப் பணித்தார். நிலம் யாரிடம் உள்ளது, என்ன விளைகிறது, கால்நடை எத்தனை, கடன் எவ்வளவு, கூலி எந்த உருவில் தரப்படுகிறது என்பன போன்றவை கேட்கப்பட்டன. மாணவர் கொணர்ந்த அறிக்கைகள் ‘தென்னிந்தியக் கிராமங்கள் சில’ என்னும் பொருள்படும் தலைப்பில் 1918ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் நூலாயின. இராமநாதபுரத்து வடமலைபுரம், திருநெல்வேலியின் கங்கைகொண்டான், தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடார்க்காட்டுத் தூசி ஆகியவற்றுடன் தஞ்சை மாவட்டத்திலிருந்து பாலக்குறிச்சி அதில் இடம்பெற்றது. இன்று அது நாகப்பட்டினம் மாவட்டத்து ஊர்.

தாவீது அரசன் குடிக்கணக்கு எடுத்தது குற்றமாக எண்ணப்பட்டதை நம் வாசகர் நினைவுகூரலாம். அவன் எண்ணியது வாளேந்தும் வீரரை. இம்மாணவர் எண்ணியது ஏர் பிடிப்போரை; அவ்வெண்ணிக்கையால் பாடநூலே சோதனைக்குள்ளாயிற்று. கூலி என்பது உழைப்பின் விலை என்றும், வேலை தருவோனும் வேலை செய்வோனும் தத்தம் நலம் கருதி அதனை முடிவு செய்கின்றனர் என்றும் மாணவர் கற்றிருந்தனர். வயலில் அவர்கள் கண்டதோ பண்ணையாளையும் படியாளையும். திருமணத்திற்கென்று ஒருவன் வாங்கிய கடன் அடைபடாமலே மகன்மேல் இறங்குவதையும், நிலம் கைமாறும்போது அக்கடனோடு ஆளும் கைமாறுவதையும் இருவேல்பட்டு அறிக்கை பதிவு செய்தது. காவிரிப் படுகையிலும் பண்ணையாள் முறை வேரூன்றியிருந்தது. விலகிச் செல்ல இயலாதவனின் கூலியை எந்தத் தேவை, எந்த அளிப்பு முடிவு செய்யும்? மார்ஷலிடம் இதற்கு நேரான விடை இல்லை.

இங்கே ஒன்றைக் கூறாமல் விடுதல் சரியன்று. 1916இல் கல்லூரிக் கல்வி பெறத்தக்க வசதி எவருக்கு இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், கணக்கெடுத்தவர் எத்தெருவிலிருந்து சேரியை நோக்கினார் என்பது விளங்கும். அக்கிரகாரத்திலும் மிராசுதார் திண்ணையிலும் கிடைத்த விடைகளும், ஆண்டையின் கண்முன் நின்று பண்ணையாள் சொன்ன விடைகளும் ஒரே நிறையுடையனவாகா. ஆதலின் அவ்வறிக்கைகளைப் பயன்படுத்துவோர் எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டும். ஆனால் அவற்றை ஒதுக்கிவிடவும் முடியாது. தரங்கம்பாடியில் 1706இல் சீகன்பால்கு கரையிறங்கிய நாள் முதல் இவ்வட்டாரத்தைப் பற்றி ஹாலே நகருக்குச் சென்ற அறிக்கைகள் ஏராளம். அவை ஊழியத்தின் பொருட்டு எழுதப்பட்டவை. பட்டம் பெற வந்த மாணவன் ஒருவன் ஓர் ஊரின் உழைப்பையும் கடனையும் கேட்டு எழுதியது இப்படுகையின் கல்வி வரலாற்றில் ஒரு திருப்பம் எனலாம்.

ஸ்லேட்டர் 1921இல் விடைபெற்றார். அவருடைய இருக்கையில் பின்னாளில் அமர்ந்த பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணனுடன் சேர்ந்து 1936-37இல் அதே கிராமங்களை மறு ஆய்வு செய்வித்தார். நூல் 1940இல் வெளிவந்தது. இடைப்பட்ட காலத்தில் மேட்டூர் அணை 1934இல் கட்டிமுடிக்கப்பட்டிருந்தது. உலகப் பெருமந்தத்தால் நெல் விலை ஏறத்தாழப் பாதியாக வீழ்ந்திருந்தது. நில வரியைக் காசாகக் கட்ட வேண்டிய மிராசுதாரைக் கடன் சூழ்ந்தது. நெல்லைக் கூலியாகப் பெற்றவனுக்கு விலைவீழ்ச்சி நேரே தாக்கவில்லை என்று ஏட்டளவில் சொல்லலாம். ஆனால் நாகப்பட்டினத்துக் கப்பலேறி மலேயாவுக்குப் போகும் வழி அவனுக்கு அடைபட்டது. அங்கிருந்து தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் திருப்பி அனுப்பப்பட்ட ஆண்டுகள் அவை. ஒரே ஊரை இருபது ஆண்டுக்குப்பின் மீண்டும் எண்ணியதாலேயே இத்தகைய மாற்றங்களை ஒப்பிட்டுக் காண முடிந்தது. கொள்ளிடத்திற்கு வடக்கே சிதம்பரத்தில் 1929இல் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இவ்வாய்வு மரபு தழைத்தது. அங்குப் பேராசிரியராயிருந்த பி. வி. நாராயணசாமி நாயுடு, மாகாணத்தின் கிராமக் கடன் குறித்த அறிக்கையை 1946இல் அரசுக்கு அளித்தார்.

விடுதலைக்குப்பின் படிப்பின் அமைப்பு மாறியது. இண்டர்மீடியட்டும் ஆனர்ஸும் மறைந்து, புகுமுக வகுப்பும் மூன்றாண்டு பி. ஏ. பட்டமும் அதன்மேல் ஈராண்டு எம். ஏ. பட்டமும் வந்தன. தஞ்சையில் 1955இல் சரபோசி கல்லூரி, 1956இல் பூண்டி புஷ்பம் கல்லூரி, 1972இல் பொறையாற்றில் லுத்தரன் கல்லூரி எனக் கல்லூரிகள் படுகைக்குள்ளேயே தோன்றின. 1960களிலிருந்து தமிழில் பாடநூல்கள் வரலாயின. ‘குறைந்து செல் விளைவு விதி’, ‘குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி’ என்று மாணவர் உருப்போட்டனர். முதல் விதி படுகை உழவனுக்குப் பெயர் தெரியாமலே தெரிந்தது. ஒரு மாவில் எத்தனை வண்டி எரு கொட்டியும் ஓர் எல்லைக்குமேல் காணாது என்பதை அவன் தந்தையிடம் கற்றிருந்தான். ஏட்டையும் வயலையும் இணைக்க இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. என் கருத்தில் அவ்வாய்ப்பு பெரும்பாலும் நழுவவிடப்பட்டது. பி. ஏ. வகுப்பில் விதிகளும் ஐந்தாண்டுத் திட்டங்களும், எம். ஏ. வகுப்பில் கோட்டுப்படங்களும் கணிதமுமாகப் பாடம் வளர்ந்தது. ஸ்லேட்டரின் வினாத்தாளைக் கையிலேந்திச் சேரிக்குச் செல்வது பட்டத்திற்கு இன்றியமையாததாக ஆக்கப்படவில்லை.

அதே ஆண்டுகளில் வெளியே நிகழ்ந்தவை சிறியவையல்ல. 1952இல் தஞ்சைக் குத்தகையாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1960இல் போர்டு நிறுவன உதவியோடு தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்திற்குத் தஞ்சை தேர்ந்தெடுக்கப்பட்டது. புதிய நெல் வகைகளும் உரமும் விளைச்சலைப் பெருக்கின. பெருகிய நெல்லில் நட்டவர்க்கும் அறுத்தவர்க்கும் உரிய பங்கு யாது என்ற வினா கூலிப் போராட்டமாக வெடித்தது. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, நம் சபைகள் திருநாள் கொண்டாடிய இரவு, கீழ்வெண்மணியில் குடிசை ஒன்றில் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். பெண்களும் சிறுவருமே அவர்களில் மிகுதி. அதன்பின் கணபதியா பிள்ளை குழு அறிக்கையும் நியாயக் கூலிச் சட்டமும் 1969இல் வந்தன. அரைப்படி நெல் என்பது பாடநூலில் இல்லாத ஓர் அளவு; ஆனால் கீழத்தஞ்சையின் பொருளாதாரம் அதைச் சுற்றியே சுழன்றது.

பல்கலைக்கழகப் பொருளாதாரம் இதற்குச் செவிகொடுக்கவே இல்லை என்பதும் உண்மையன்று. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் 1940களில் பொருளாதாரப் பேராசிரியராயிருந்து, யுனெஸ்கோவில் உயர்பதவி வகித்துத் திரும்பிய மால்கம் ஆதிசேசையா, சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை 1971இல் தொடங்கினார். அதே கல்லூரியில் கற்பித்துப் பின் அந்நிறுவனத்தின் இயக்குநரான சி. டி. குரியன், வறுமை ஏன் நீடிக்கிறது என்பதையே பொருளாதாரத்தின் முதற்கேள்வியாக்கினார். சந்தையில் என்ன நடக்கிறது என்று கேட்குமுன் யாரிடம் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்பதே அவர் எழுத்துகளின் சாரம் என நான் கொள்கிறேன். 2024இல் அவர் மறைந்தார். அவருடைய நூல்கள் இறையியல் மாணவரிடையே வாசிக்கப்பட்ட அளவுக்குப் பி. ஏ. பாடத்திட்டத்தில் இடம் பெற்றனவா என்பது எனக்கு ஐயமே.

ஸ்லேட்டரின் கிராமங்களைப் பிற்காலத்து ஆய்வாளர் மறந்துவிடவில்லை. மார்கரெட் ஹாஸ்வெல் அவற்றுட் சிலவற்றை மீண்டும் ஆராய்ந்து 1967இல் நூல் எழுதினார். இருவேல்பட்டும் தூசியும் 1980களில் மறு ஆய்வு பெற்றன. பாலக்குறிச்சியில் முதற்கணக்கு எடுக்கப்பட்டு ஒரு நூற்றாண்டு கடந்தபின், 2019இல், வேளாண் ஆய்வு அறக்கட்டளையினர் அங்கே மீண்டும் வீடு வீடாகச் சென்றனர். அம்முறை அவர்கள் எடுத்துக்கொண்ட ஊர்கள் இரண்டு. ஒன்று பாலக்குறிச்சி, மற்றொன்று வெண்மணி.