வேலை போனபின் வைத்தியக் காப்பு

அமெரிக்காவில் ஒருவர் வேலையை இழந்தால், ஊதியத்துடன் குடும்பத்தாரின் வைத்தியக் காப்புறுதியும் பறிபோவது ஏன்? விடை காண நாம் இரண்டாம் உலகப் போர்க் காலத்திற்குச் செல்ல வேண்டும். 1942-இல் அரசு ஊதிய உயர்வுக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆள் பற்றாக்குறையால் தவித்த முதலாளிகள், கட்டுப்பாட்டிற்கு உட்படாத காப்புறுதியை அளித்துத் தொழிலாளரை ஈர்த்தனர். 1954-ஆம் ஆண்டு வரிச்சட்டம் அதற்கு வரிவிலக்கை உறுதி செய்யவே, போர்க்கால ஏற்பாடு நிலையான வழக்கமாயிற்று.

வேலையோடு பிணைந்த காப்பை, வேலை போனபின்னும் சிறிது காலம் நீட்டிக்க எழுந்ததே, 1986 ஏப்ரல் 7-இல் அதிபர் ரீகன் ஒப்பமிட்ட 'கோப்ரா' சட்டம். 20 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களில் வேலையிழந்தோர் 18 மாதங்களும், தொழிலாளியின் விதவையும் மணவிலக்குப் பெற்ற மனைவியும் 36 மாதங்களும் பழைய காப்பிலேயே நீடிக்கலாம். 60 நாட்களுக்குள் விருப்பம் தெரிவித்தல் வேண்டும்.

ஆயினும், முதலாளி செலுத்திவந்த பங்கையும் சேர்த்து, 102 விழுக்காடு வரை தாமே கட்ட வேண்டும். வருவாய் நின்ற வேளையில் செலவு பெருகுகிறது! பெருந்தொற்றின்போது, 2021 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, வேலை நீக்கப்பட்டோருக்கு அத்தொகையை அரசே ஏற்றது. கட்ட இயலாதவனுக்கு உரிமை ஏட்டளவில் நின்றுவிடும் என்பதை, 35 ஆண்டுகளுக்குப் பின் அந்நாடே ஒப்புக்கொண்டதாக நாம் இதனைக் கருதுகிறோம்.