துன்பங்கள் கூடி வந்த காலத்தில் பாலமுனைக் கரை

ஒலுவிலுக்குத் தெற்கே, அட்டாளைச்சேனைக்கு வடக்கே, கிழக்கில் சமுத்திரமும் மேற்கில் வயல்வெளியும் நெருக்க, இரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் அமைந்த முஸ்லிம் கிராமம் பாலமுனை. வாடைக்காற்று எழுந்து கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கரைவலைத் தோணிகள் மணலில் ஏற்றப்பட்டுக் கிடக்க, அதே மாதங்களில் மாரி மழையை நம்பிப் பெரும்போக வேளாண்மை வயலில் எழும். அறுவடை முடிந்து கடல் தணிந்ததும் வலை மீண்டும் நீரில் இறங்கும். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர் சிறுபோகத்தையும் பெருக்கியது. ஒன்று பொய்த்தால் மற்றொன்று தாங்கும் என்பதே இக்கரையின் பழைய ஜீவன ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டையே முறிக்கும் வண்ணம், கடலும் வயலும் ஒருசேரப் பகைத்த காலங்கள் இப்பிரதேசத்துச் சரித்திரத்தில் உண்டு. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளைத் தாக்கிய சூறாவளி மாரிகாலத்திலேயே வந்தபடியால், கரையிலிருந்த தோணியும் வயலில் நின்ற இளம்பயிரும் தலைக்கு மேலிருந்த கூரையும் ஒரே இரவில் சேதமுற்றன. சாய்ந்த தென்னைகளுக்குப் பதிலாக வைத்த கன்றுகள் காய்ப்பதற்கோ பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1990 ஜூனில் அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே யுத்தம் மறுபடி மூண்டு, ஆகஸ்டு மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்ட பின்னர், மேற்கே தூரத்து வயல்களுக்குப் போகப் பயந்து கிழக்கின் முஸ்லிம் உழவர் அநேகர் காணியைத் தரிசாக விட்டனர். அயலூர்த் தமிழ் மக்களும் அதே ஆண்டுகளில் உயிரையும் உடைமையையும் இழந்து அல்லலுற்றனர். நெடுங்காலமாக ஒரே சந்தையில் கூடி வாழ்ந்த இரு சாராரிடையே நம்பிக்கை குன்றிப்போனதை அக்காலத்துத் துன்பங்களில் கொடியதென்றே நான் கருதுகிறேன்.

இத்தனையையும் இவ்வூரார் எவ்வாறு தாங்கினர் என்று ஆராய்வோர், முதலாவதாகக் குடி முறையை நோக்க வேண்டும். மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாய் விளங்கும் இத் தாய்வழி முறையில், பிள்ளை உம்மாவின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்கார் அமர்ந்து வழக்குத் தீர்ப்பதும் முன்னாளில் வழக்கமாயிருந்தது. மகளுக்குக் கலியாணம் ஆகும்போது வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்து, பெற்றோர் அதே வளவிலோ அடுத்த வளவிலோ வேறு வீடு கட்டிக்கொள்வர். மாப்பிள்ளையே பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே, அக்காவும் தங்கையும் உம்மாவும் மூத்தம்மாவும் ஒரு வேலிக்கு இருபுறத்திலும் வாழ்ந்தனர். ஒரு வீட்டில் அடுப்பு எரியாத நாளில் அடுத்த வீட்டுச் சோறு கேட்காமலே வந்தது.

இரண்டாவது, மார்க்கம் வகுத்த கிரமம். பல துன்பங்கள் ஏககாலத்தில் வரும்போது மனிதனை அதிகமாகக் கலக்குவது எதை முதலில் செய்வது என்னும் திகைப்பே. இங்கோ அதற்கு விடை முன்னமே இருந்தது. ஜனாஸாவைத் தாமதமின்றி அடக்குவது முதற் கடமை. இறந்தவர் பட்ட கடனைத் தீர்த்த பின்னரே சொத்துப் பங்கீடு. கணவனை இழந்தவள் 4 மாதமும் 10 நாளும் இத்தா இருக்கையில் அவள் ஜீவனத்துக்கு வழி காண்பது உறவினர் பொறுப்பு. அநாதைப் பிள்ளையின் பொருளைக் காப்பது அதனினும் பெரிய அமானிதம். அழுதுகொண்டே ஆயினும் அடுத்த காரியத்தில் கை வைக்க இக்கிரமம் ஜனங்களைப் பழக்கியிருந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி நாள் காலையில் சுனாமியாய் எழுந்த கடல், இலங்கையில் வேறெந்த மாவட்டத்தையும்விட அதிகமாய் அம்பாறையில் 10,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது முதலிய ஊர்களில் முதல் நாட்களில் பள்ளிவாசல்களும் அகதி முகாம்களாயின. யுத்தத்தால் பிரிந்திருந்த தமிழரும் முஸ்லிம்களும் அந்நாட்களில் ஒருவருக்கொருவர் சோறும் துணியும் கொடுத்ததை நன்றியோடு பதிவு செய்தல் வேண்டும். ஆயினும் அதன் பின் வந்த துன்பங்கள் மனிதர் இயற்றியவை. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் என்றும், வடக்குக் கிழக்குக் கரைகளில் 200 மீற்றர் என்றும் கடலோரத்தில் வீடு கட்டக் கூடாதென அரசாங்கம் தடைவலயம் விதித்தபோது, பின்னால் வயலைத் தவிர வேறு நிலமில்லாத இக்கரை மக்கள் எங்கே போய்க் குடியேறுவது? அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியில் எழுந்த 500 வீடுகள் வழக்கில் அகப்பட்டு, ஆண்டுக்கணக்காகக் காடு மண்டிக் கிடந்தன.

இவற்றினும் ஆழமாக வெட்டிய பிழை ஒன்று அதிகம் பேசப்படவில்லை. இக்கரையில் வீடு பெண்ணுடையது. கடல் கொண்டுபோனது சுவரை மட்டுமன்று, வருங்காலத்தில் மகளுக்குக் கொடுக்கவிருந்த சீதனத்தையும் சேர்த்தே. அதை அறியாத அதிகாரிகள் குடும்பத் தலைவன் என்று படிவத்தில் எழுதி, புதிய வீட்டை அநேக இடங்களில் கணவன் பெயரில் பதிந்தார்கள். ஊரும் தெருவும் மாறிய குடியேற்றங்களில் சகோதரிகள் வெவ்வேறு மூலைகளில் வைக்கப்பட்டனர். நூற்றாண்டுகளாய்த் துன்பத்தைப் பங்கிட்டுத் தாங்கிய அமைப்பை உதவி என்னும் பெயரால் கலைத்தது பெருந்தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை.

2008இல் ஆரம்பித்து 2013 செப்டெம்பரில் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் வாயில் மணலால் அடைபட, அதன் வடபால் கடல் கரையை அரித்துத் தென்னந்தோட்டங்களைத் தின்றது. அதே தவறு மீண்டும் நேராதிருக்க, கடலரிப்பால் இடம்பெயர்வோருக்கு இனி வீடு கட்டிக் கொடுக்கும் அரசாங்கத்தாரும் தரும ஸ்தாபனத்தாரும், கல் வைக்குமுன் அந்தந்த வளவின் மூத்த பெண்களைக் கேட்டு, சகோதரிகளை அடுத்தடுத்துக் குடியமர்த்தி, உறுதியைப் பெண்ணின் பெயரில் எழுதிக் கொடுக்க வேண்டுமென்று வேண்டுகிறேன்.