வாய் வைத்தவளின் பெயர்

இணைய ஏலத்தில் பழைய புகைக்குழாய் ஒன்று விலைக்கு வரும்போது, அதனுடன் வரும் குறிப்புக்கு ஒரு நிலையான வாய்பாடு உண்டு. முதலில் நிறுவனத்தின் பெயர்: டன்ஹில், பார்லிங், சாசியெனி, கொமாய். அடுத்து வடிவம், நீளம், முத்திரைகளின் நெருக்கப் படங்கள். கடைசியில் பொருளின் நிலை: வாய்முனையில் பல் தடம் இருக்கிறதா, கிண்ணத்தின் விளிம்பு கருகியிருக்கிறதா, உள்ளே கரி படிந்திருக்கிறதா. ஒருமுறைகூடப் புகைக்கப்படாதது என்றால் விலை ஏறும். யார் வாயும் படாததற்கே உச்ச மதிப்பு. இந்தத் தர்க்கம் பெண்களுக்குப் புதிதல்ல.

பைப் என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவில் வருவது, பட்டு கவுன் அணிந்து வாயில் பைப்புடன் மாடிப்படி இறங்கி வரும் சினிமாப் பணக்கார அப்பாதான். பணம், அதிகாரம், நிதானமான சிந்தனை ஆகியவற்றின் ஆண் அடையாளமாக அது நம் மனத்தில் பதிந்துவிட்டது. சேகரிப்பாளர்களின் உலகமும் பெரும்பாலும் இந்தப் படத்தையே வைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் ஐரோப்பாவில் இந்தக் குழாய்களைச் செய்த கைகளையும், அவற்றில் புகைத்த வாய்களையும் தேடிப்போனால் கிடைக்கும் வரலாறு வேறு.

சேகரிப்பாளர்கள் முத்திரை வாசிப்பதில் வல்லவர்கள். ஆங்கிலேயக் குழாயின் வெள்ளி வளையத்தில் சிறுத்தைத் தலை இருந்தால் தரம் பார்த்த ஊர் லண்டன். நங்கூரம் இருந்தால் பர்மிங்காம். பக்கத்தில் உள்ள ஓர் எழுத்து ஆண்டைச் சொல்லும். டன்ஹில் குழாய்களில் இங்கிலாந்து என்ற சொல்லுக்குப் பின்னால் பொறித்த சிற்றெண் ஆண்டைக் கணிக்க உதவும். எழுத்தமைதி பார்த்துக் கல்வெட்டின் காலத்தைக் கணிப்பதற்கு இணையான வித்தை இது. கல்வெட்டு வாசிப்பு நமக்குக் கற்றுத்தந்த இன்னொரு பாடமும் இருக்கிறது. கொடை கொடுத்தவரின் பெயர் கல்லில் நிற்கும். கல் சுமந்தவளின் பெயரை வேறெங்காவதுதான் தேட வேண்டும்.

*

பிரையர் மரக் குழாய்கள் வருவதற்கு முன்பு, ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டுக் காலம் ஐரோப்பா புகைத்தது வெள்ளைக் களிமண் குழாயில். நெதர்லாந்தின் கௌடா நகரம் அந்தத் தொழிலின் பெரிய மையம். 1660இல் அங்கே குழாய் செய்வோரின் தொழிற்சங்கம் அமைந்தது. முத்திரைகளைப் பதிவு செய்வதும் காப்பதும் அதன் முக்கிய வேலை. அதனால்தான் கௌடா குழாயின் அடிக்குமிழில் இருக்கும் சின்னஞ்சிறு முத்திரையைப் பார்த்து, அது யாருடைய பட்டறை என்று இன்றைக்கும் சொல்ல முடிகிறது.

அந்தப் பட்டறைக்குள் வேலை எப்படிப் பிரிக்கப்பட்டிருந்தது? களிமண் உருளையில் கம்பியைச் செருகி, இரும்பு அச்சில் வைத்து அழுத்தி வடிவம் எடுப்பவர் ஆண். அச்சிலிருந்து வந்த குழாய் சற்றுக் காய்ந்ததும் பெண்ணின் கைக்குப் போகும். இரு பாதி அச்சும் சேர்ந்த இடத்தில் நிற்கும் பிசிறைச் சீவுவது, கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றிப் பல்வரி போடுவது, அடிக்குமிழில் முத்திரை குத்துவது எல்லாம் அவள் வேலை. டச்சு மொழியில் அவளுக்கென்று தனிப் பெயரே உண்டு: டிரெம்ஸ்டர். உயர்தரக் குழாய்களை அகேட் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கியவர்களும் பெண்கள்தான். இன்று ஏலக் குறிப்புகளில் 'நேர்த்தியான மெருகு', 'தெளிவான முத்திரை' என்று பாராட்டப்படுபவை இந்தப் பெண்களின் கைவேலை. தெளிவாக விழுந்திருக்கும் அந்த முத்திரை மட்டும் பட்டறை முதலாளியுடையது.

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் உள்ள ப்ரோஸ்லி ஊரிலும் இதே கதைதான். அங்கும் பிசிறு சீவியவர்கள் பெண்களும் சிறுமிகளும். கடைசிப் பட்டறை 1950களில் மூடப்பட்டபோது கருவிகளும் மேசைகளும் இருந்த இடத்திலேயே விடப்பட்டன. இன்று அது அருங்காட்சியகம். ஊர்ப் பெயரே தரத்தின் பெயராக மாறியதால், நீண்ட தண்டுள்ள களிமண் குழாயை 'ப்ரோஸ்லி' என்றே அழைத்தார்கள். பட்டறை முதலாளி இறந்தால் கைம்பெண் தொழிலைத் தொடர்வது இந்த ஊர்களில் வழக்கமாக இருந்தது. அப்போதும் குழாயில் விழுந்தது பெரும்பாலும் கணவரின் முத்திரைதான்.

நமக்கு இது விளங்காத கதை அல்ல. பீடிக் கட்டின் சுற்றுத்தாளில் முதலாளியின் படம் இருக்கும். திருநெல்வேலியிலோ வேலூரிலோ வீட்டுத் திண்ணையில் மடியில் முறம் வைத்து அந்தப் பீடியைச் சுற்றியவளுக்கு, சுற்றுத்தாளில் எந்த மூலையிலும் இடம் இல்லை.

*

செய்தவர்களை விட்டுப் புகைத்தவர்களிடம் வருவோம். அயர்லாந்தில் கட்டைத் தண்டுள்ள சிறிய களிமண் குழாய், கிழவிகளின் வாயில் சர்வசாதாரணமாக இருந்தது. இறந்தவர் வீட்டில் இரவெல்லாம் விழித்திருக்க வருபவர்களுக்குக் குழாயும் புகையிலையும் வைப்பது அங்கே மரபு. அமெரிக்காவின் 7ஆவது குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சனின் மனைவி ரேச்சல் குழாய் புகைத்தவர். 19ஆம் நூற்றாண்டு முன்னேற முன்னேற நகர நடுத்தரக் குடும்பங்களில் அது 'கௌரவமான பெண்' செய்யத் தகாததாக ஆயிற்று. அதன்பின் பெண்ணின் வாயில் குழாய் என்றால் வறுமையின் அடையாளம், அல்லது கேலிச்சித்திரத்துக்கான பொருள். 1970களில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்த மிலிசென்ட் ஃபென்விக் எவ்வளவோ பேசினார். ஊடகங்கள் அவரை அடையாளப்படுத்தியது பைப் புகைக்கும் பாட்டியாக.

பெண்ணின் குழாய் பட்டியலில் ஏறிய ஒரு தருணம் உண்டு. 1888 செப்டம்பர் 30ஆம் தேதி அதிகாலை, லண்டன் மைட்டர் சதுக்கத்தில் கேத்தரின் எட்டோஸ் கொல்லப்பட்டார். வயது 46. நிலையான வீடு இல்லாமல் விடுதிகளில் இரவைக் கழித்துவந்தவர் என்பதால், தன் உடைமை முழுவதையும் உடம்போடு சுமந்திருந்தார். காவல்துறை அதை ஒவ்வொன்றாக எழுதியது. தேயிலை வைத்த தகரப்பெட்டி, சர்க்கரை வைத்த தகரப்பெட்டி, சோப்புத் துண்டுகள், சீப்பு, கரண்டி, துணித் துண்டுகள். அவற்றுடன் இரண்டு கட்டையான கறுப்புக் களிமண் குழாய்கள்.

அவரைக் கொன்றவனுக்கு உலகம் ஒரு பட்டப்பெயர் கொடுத்து, அதைச் சுற்றிப் பெரிய வணிகத்தையே நடத்துகிறது. அந்தப் பெண்ணின் அன்றாடத்தைச் சொல்ல மிஞ்சியது இந்தப் பட்டியல். தேநீர் போட்டுக் குடித்து, குழாயில் இரண்டு இழுப்பு இழுத்து, குளிரைக் கடக்க முயன்ற ஒருத்தியை அதில் காண்கிறோம். ஏலக் குறிப்பு எழுதுபவர்கள் மேசை விளக்கின் கீழ் முத்திரையைத் தேடும் பொருள்களில் இவை சேரா. மதுக்கடையில் இலவசமாகவே கிடைத்த மலிவுச் சரக்கு அது.

*

புகைக்குழாய் ஏலங்களில் பெண் நிறைந்திருக்கும் இடம் ஒன்று உண்டு: மீர்ஷாம் குழாய்கள். ஜெர்மன் மொழியில் 'கடல் நுரை' என்று பொருள்படும் இந்த வெண்கனிமத்துக்குப் பேர்போன இடம் துருக்கியின் எஸ்கிஷெஹிர். ஈரமாக இருக்கும்போது மென்மையாகச் செதுக்கலாம் என்பதால், 19ஆம் நூற்றாண்டு வியன்னாவின் கைவினைஞர்கள் இதில் அற்புதங்கள் செய்தார்கள். தொப்பியணிந்த சீமாட்டியின் தலை, நீராடும் தேவதை, கடற்கன்னி, துணி விலகிக் கிடக்கும் உடல். பெண்ணின் தலைக்குள் புகையிலையை நிரப்பித் தீ வைத்து, மறுமுனையில் ஆண் புகைத்தான்.

மெழுகு ஏற்றிய மீர்ஷாம் புகைக்கப் புகைக்க நிறம் மாறும். வெள்ளை தேன் நிறமாகி, பிறகு செம்பழுப்பாகும். பல ஆண்டு பொறுமையாகப் புகைத்து அந்த முகத்துக்கு நிறம் ஏற்றுவதே உரிமையாளரின் பெருமை. இன்றும் 'அருமையான நிறமேற்றம்' என்பது விலையைக் கூட்டும் சொல். எந்த வாயும் படாத பிரையருக்கு ஒரு மதிப்பு. ஒரே ஆணின் புகையில் நிறம் மாறிய பெண்முகத்துக்கு இன்னொரு மதிப்பு. எதிரெதிராகத் தெரியும் இந்த இரண்டு அளவுகோல்களுக்கும் பின்னால் இருப்பது ஒரே உடைமை உணர்வு.

பிரையர் குழாய்க்குள்ளும் பெண்கள் உண்டு. மத்தியதரைக்கடல் பகுதியின் ஒருவகைப் புதர்மரத்தின் வேர்க்கட்டையே பிரையர். 1850களில் பிரான்சின் செயின்ட்-க்ளோட் நகரில் இதன் தொழில் வளர்ந்தபோது, மெருகேற்றும் மேசைகளில் பெண்கள் அமர்ந்தார்கள். லண்டனில் 1907இல் புகையிலைக் கடை திறந்த ஆல்ஃபிரட் டன்ஹிலின் மகள் மேரி, 1961இல் அந்த நிறுவனத்தின் தலைவரானார். அந்தப் பெயர் மேரியின் பெயரும்தான். ஆனால் வாய்முனையின் வெள்ளைப் புள்ளியைக் காணும் யாரும் ஒரு பெண்ணை நினைப்பதில்லை. கோபன்ஹேகனில் 1967இல் கணவர் பௌல் ராஸ்முசன் இறந்தபோது அவருடைய பட்டறையை ஏற்றார் ஆன் யூலி. பழைய கைம்பெண்களிடமிருந்து அவர் வேறுபட்டது ஒரே விஷயத்தில்: தான் செய்த குழாய்களில் தன் பெயரையே பொறித்தார். இன்று சேகரிப்பாளர்கள் ஆன் யூலி என்றே தேடுகிறார்கள்.

*

ஏலத்துக்கு வரும் குழாய்களில் கணிசமானவை இறந்தவர்கள் விட்டுச்சென்றவை. விற்பவர் பல நேரங்களில் மனைவி, மகள், மருமகள். குறிப்பில் 'என் கணவருடையவை, எனக்கு இதைப் பற்றி எதுவும் தெரியாது' என்று எழுதுகிறார்கள். முத்திரை மங்கலாகப் படமெடுக்கப்பட்டிருக்கும். நிறுவனத்தின் பெயர் எழுத்துப்பிழையோடு இருக்கும். அப்படிப் பிழையாக எழுதப்பட்ட பெயர்களையே தேடி, கடைசி வினாடியில் விலை கேட்டு வெல்வது சேகரிப்பாளர்களின் பழகிய உத்தி. சட்டப்படி அதில் குற்றம் எதுவும் இல்லை. நாற்பது ஆண்டுகள் சாம்பல் தட்டியவளுக்கு அந்தப் பொருளின் மதிப்பை யாரும் சொல்லியிருக்கவில்லை என்பதுதான் அந்த லாபத்தின் மூலதனம்.

'பழங்குடிக் கலை' என்ற தலைப்பில் வரும் தென்னாப்பிரிக்காவின் கோசா மக்களின் குழாய்களைப் பாருங்கள். அங்கே பெண்கள் புகைப்பது மரபு. ஆண்களுடையதைவிடப் பெண்களின் குழாய்களுக்குத் தண்டு நீளம். அவற்றைச் சுற்றியிருக்கும் மணிவேலை பெண்களின் கலை. ஏலக் குறிப்பில் 'கலைஞர் அறியப்படவில்லை' என்று எழுதப்படுகிறது. யாரும் கேட்டிருக்கவில்லை என்பதே அந்தச் சொற்களின் நேர்ப்பொருள்.

இதையெல்லாம் சொல்வதால் புகைப்பதே விடுதலை என்றாகாது. அந்த வேலையை முதலாளிகளே செய்துவிட்டார்கள். 1929 ஈஸ்டர் அன்று நியூயார்க் வீதியில் பெண்கள் சிகரெட் பிடித்து நடந்ததை 'விடுதலைத் தீப்பந்தங்கள்' என்று பெயரிட்டு ஏற்பாடு செய்தவர் சிகரெட் நிறுவனத்தின் விளம்பர ஆலோசகர் எட்வர்ட் பெர்னேஸ். பெண்ணின் நுரையீரலை விற்பனைக் களமாக்க உரிமையின் மொழி கடன் வாங்கப்பட்டது. இங்கே நம் அக்கறை, பொருளில் பதிந்த பெண்ணின் தடம் எப்படிக் காக்கப்படுகிறது, எப்படி அழிக்கப்படுகிறது என்பது.

அழிப்பதற்கும் இந்தப் பொழுதுபோக்கில் ஒழுங்கான முறை உண்டு. வாங்கிய குழாயின் கரியைச் சுரண்டுவார்கள். உப்பும் சாராயமும் ஊற்றி இரவு முழுக்க ஊறவைத்துப் பழைய மணத்தை நீக்குவார்கள். பல் தடங்களை நிரப்பித் தேய்ப்பார்கள். அடுத்தவர் வாய் வைக்க வேண்டுமென்றால் சுத்தம் தேவைதான். அந்தச் சுத்தத்தில் போவது என்ன என்பதை 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பெல்வோர் என்ற பண்ணையில் அடிமைப்படுத்தப்பட்டவர்கள் வாழ்ந்த குடியிருப்பைத் தோண்டியபோது உடைந்த களிமண் குழாய்த் தண்டு ஒன்று கிடைத்தது. களிமண்ணின் நுண்துளைகளில் ஊறிய எச்சிலிலிருந்து மரபணுவைப் பிரித்தார்கள். புகைத்தவர் ஒரு பெண். அவருடைய மரபு மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய சியரா லியோனின் மெண்டே மக்களோடு மிக நெருங்கியிருந்தது.

அடிமைகளை விற்ற கணக்கேடுகளில் அவள் எந்த ஊரிலிருந்து கொண்டுவரப்பட்டாள் என்பதை எழுத யாரும் மெனக்கெடவில்லை. அவளும் ஏலப் பொருளாகக் கருதப்பட்டவர்களில் ஒருத்தி. அவளுடைய மூதாதையரின் திசையைச் சொன்னது, எந்த ஏலத்திலும் விலை போகாத, முத்திரைக்காக யாரும் தேடாத, கழுவப்படாத ஓர் உடைசல்.

சேகரிப்பவர்களிடம் இதை வைத்து ஒரு கோரிக்கை வைக்கலாம். வாங்கும்போது விற்கும் பெண்ணிடம், இது யாருடையது, வீட்டில் வேறு யார் புகைத்தார்கள் என்று கேளுங்கள். வந்த பதிலைக் குழாயோடு சேர்த்து எழுதி வையுங்கள். பழைய களிமண் தண்டு கிடைத்தால் கழுவாதீர்கள்.