சையத் அப்துல் ரஹீம்: உதைபந்தாட்டப் பயிற்றுவிப்பாளர்

சையத் அப்துல் ரஹீம் (17 ஆகஸ்ட் 1909 – 11 ஜூன் 1963) ஹைதராபாத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர். 1950இலிருந்து ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணியையும் இந்திய தேசிய அணியையும் பயிற்றுவித்தவர். ஆசிய விளையாட்டு விழாவின் உதைபந்தாட்டத்தில் இந்தியா பெற்ற இரண்டு தங்கப் பதக்கங்களும் (1951, 1962) இவர் பயிற்றுவித்த அணிகளுக்கே கிடைத்தன. வீரர்களுக்கு இவர் ‘ரஹீம் சாகிப்’.

உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் படித்த ரஹீம், பாடசாலைகளில் கற்பித்துக்கொண்டே விளையாட்டையும் சொல்லிக்கொடுத்தார். 1943இல் ஹைதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளரானார். அந்தப் பொறுப்பு கடைசிவரை அவரிடமே இருந்தது. அவருடைய பயிற்சி முறையில் ஓர் ஆசிரியரின் கை தெரிகிறது. பந்தைக் காலோடு வைத்து வெட்டி வெட்டி ஓடக்கூடாது, உடனே கூட்டாளிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்ற விதியோடு சிறுவர்களுக்குப் போட்டிகள் நடத்தினார். பழகாத காலால் மட்டுமே உதைக்கவேண்டிய போட்டிகளும் உண்டு. வலக்காலையே நம்பி ஆடும் பிள்ளைக்கு இடக்காலைப் பழக்க இதைவிட நல்ல வழி இருப்பதாகத் தோன்றவில்லை.

பொலிஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. 1950இல் மோகன் பகானைத் தோற்கடித்து டூரண்ட் கிண்ணத்தையும் எடுத்தது. 1951இல் டெல்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவின் இறுதியாட்டத்தில் ஈரானை 1–0 என வென்று இந்தியா தங்கம் பெற்றது.

அடுத்த ஆண்டே பேரிடி விழுந்தது. ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா இந்தியாவை 10–1 என நொறுக்கியது. குளிரில், ஈரத் தரையில், இந்திய வீரர்களிற் சிலர் வெறுங்காலோடு ஆடினார்கள். திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த அன்புவழிபுரம் போன்ற ஊர்களில் வெறுங்காலோடு பந்தைத் துரத்தி வளர்ந்தவர்களுக்கு அந்தக் கால்களின் நிலை சொல்லாமலே விளங்கும். அதன் பிறகு இந்திய உதைபந்தாட்டச் சங்கம் சப்பாத்தைக் கட்டாயமாக்கியது. அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது ஹங்கேரி. நடு முன்கள வீரரைப் பின்னுக்கு இழுத்து ஆடிய அவர்களுடைய முறையை ரஹீம் கருத்தூன்றிக் கற்று, தன் அணிகளுக்குப் பழக்கினார்.

பலன் 1956இல் மெல்பேர்ணில் தெரிந்தது. நெவில் டி’சூசா மூன்று கோல்கள் போட, இந்தியா அவுஸ்திரேலியாவை 4–2 என வென்று ஒலிம்பிக் அரையிறுதிக்குள் நுழைந்த முதல் ஆசிய அணியானது. அங்கே யூகோஸ்லாவியாவிடமும், வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்று நான்காம் இடம் பெற்றது.

ரஹீமின் கண்ணுக்குத் தப்பாத இளைஞர்களில் துளசிதாஸ் பலராமை முதலில் சொல்லவேண்டும். செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில் வறிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பயிற்சிக்கு நகரத்துக்கு வந்துபோகக் கையில் காசில்லை என்று அவர் தயங்கியபோது, வாடகைச் சைக்கிளுக்கு ரஹீமே பணம் கொடுத்தார். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் போட்டவர் அந்தப் பலராம். அதே அணியில் ஆடிய சைமன் சுந்தரராஜும் தமிழர். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் இந்தியாவின் கடைசிக் கோல் இன்றுவரை அந்த விழாவில் பெரு அணிக்கு எதிராகப் போட்டதுதான்.

1962 ஜகார்த்தா விழாவுக்கு ரஹீம் நுரையீரற் புற்றுநோயோடு போனார். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0–2 எனத் தோல்வி. தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்று மீண்டபோது, பின்கள வீரர் ஜர்னெயில் சிங்கின் தலையில் தையல் போடப்பட்டிருந்தது. எதிராளிகளோடு மோதித் தடுக்கவேண்டிய இடத்தில் அவரை நிறுத்துவது ஆபத்து. வெளியே உட்காரவைக்கவும் ரஹீமுக்கு மனமில்லை. முன்களத்துக்கு அனுப்பினார். தென்வியட்நாமை 3–2 என வென்ற அரையிறுதியில் ஜர்னெயில் கோல் போட்டார். காய்ச்சலால் ஒதுங்கியிருந்த நெடிய கோல் காப்பாளர் பீட்டர் தங்கராஜை இறுதியாட்டத்துக்கு ரஹீம் திரும்ப அழைத்தார்.

செப்டெம்பர் 4. இஸ்ரேலையும் தாய்வானையும் இந்தோனேசியா விலக்கிவைத்ததை இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி எதிர்த்ததால், அரங்கு நிறைந்த கூட்டம் இந்திய வீரர்களுக்கு எதிராக முழங்கியது. எதிரே மறுபடியும் தென்கொரியா. பி.கே. பானர்ஜி ஒரு கோல், சிறிது நேரத்தில் ஜர்னெயில் ஒரு கோல். கடைசி நிமிடங்களில் கொரியா ஒன்றைத் திருப்பிப் போட்டாலும் ஆட்டம் 2–1 என இந்தியாவின் பக்கம் முடிந்தது. அணியில் தங்கராஜ், பலராமோடு அருமைநாயகம், எத்திராஜ் ஆகியோரும் இடம்பெற்றிருந்தார்கள்.

ஒன்பது மாதங்கள் கழித்து, 53ஆவது வயதில் ரஹீம் காலமானார். விளையாட்டுப் பயிற்றுவிப்பாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது அவர் காலத்தில் இருக்கவில்லை; இந்தியா அதைத் தொடங்கியது 1985இல்தான். மகன் சையத் ஷாஹித் ஹக்கீம் ரோம் அணியில் இடம்பெற்று, பின்னர் சர்வதேச நடுவரானார். மாணவர் பி.கே. பானர்ஜி பயிற்றுவிப்பாளராகி 1970இல் பாங்கொக்கில் ஆசிய விளையாட்டு விழா வெண்கலம் பெற்றுக்கொடுத்தார். அதன் பிறகு அந்த விழாவின் உதைபந்தாட்டத்தில் இந்தியாவுக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. ரஹீமின் வாழ்க்கையைச் சொல்லும் ‘மைதான்’ என்ற இந்தித் திரைப்படம் 2024இல் வெளிவந்தது.