பொம்மையைக் கொஞ்சும் நாய், பொம்மையைக் குதறும் நாய்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரை)



இன்றைக்கு உரத்தைப் பற்றியோ பூச்சி மருந்தைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. உங்கள் வாசல் திண்ணைக்குக் கீழே படுத்திருக்கிறதே நாய், அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். காரணம் இல்லாமல் இல்லை. ஒரு கிராமத்தில் கால்நடை முகாம் நடந்தபோது வயதான அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். கையில் பஞ்சு பிதுங்கிய ஒரு கரடி பொம்மை. அதற்குக் காதும் இல்லை, கண்ணும் இல்லை.

"ஆபீசர் தம்பி, இதைப் பாருங்க. பேத்திக்குத் திருவிழாவிலே வாங்கினது. எங்க நாய்க்குட்டி இதை வாயிலே கவ்விக்கிட்டுத்தான் ஊரெல்லாம் சுத்தும். ராத்திரி இது மேலே தலை வச்சுத்தான் படுக்கும். அவ்வளவு பாசம். நேத்து என்ன வந்துச்சோ, குதறிப் போட்டிருச்சு. இன்னிக்குப் பொம்மை, நாளைக்கு என் கோழிக்குஞ்சுதானே? கொண்டுபோய் ஆத்துக்கு அக்கரையிலே விட்டுடச் சொல்றாங்க. விட்டுடவா?"

கேள்வி சின்னதாகத் தெரியலாம். ஆனால் ஒரு நாய்க்குட்டியின் உயிரும், ஒரு குடும்பத்தின் கோழி வருமானமும் அதில் அடங்கியிருக்கின்றன. பாசம் வைத்ததையே குதறுகிற இந்தக் குணம் எங்கிருந்து வந்தது? விடை தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னோக்கிப் போய் நாயின் கதையைக் கேட்க வேண்டும்.

சீமையில் நடந்த ஒரு சேதி

முதலில் ஒரு வேடிக்கை. இங்கிலாந்தில் சாமர்செட் என்று ஒரு மாவட்டம். அங்கே வூக்கி ஹோல் என்ற குகைகள் உண்டு. 2006-ஆம் ஆண்டு அந்த இடத்தில் கரடி பொம்மைகளின் கண்காட்சி வைத்திருந்தார்கள். அதில் மேபல் என்ற பொம்மை 1909-இல் ஜெர்மனியில் செய்தது. அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரஸ்லியிடம் ஒரு காலத்தில் இருந்ததாம். அதன் மதிப்பு 40,000 பவுன் என்றார்கள். அவ்வளவு விலை உயர்ந்த சரக்குக்குக் காவல் வேண்டாமா? டாபர்மேன் இனத்தைச் சேர்ந்த பார்னி என்ற நாயைக் காவலுக்கு வைத்தார்கள். அதுவரை ஒரு குற்றமும் செய்யாத நாய் அது. ஒரு நாள் இரவு திடீரென்று பொம்மைகள் மேல் பாய்ந்தது. தலை ஒரு பக்கம், கை ஒரு பக்கம், பஞ்சு ஒரு பக்கம். ஏறக்குறைய நூறு பொம்மைகள் சேதம். மேபலும் தப்பவில்லை. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

பார்னிக்கு வெறி பிடித்துவிடவில்லை. அதன் இரத்தத்தில் ஊறியிருந்த பழைய வேலை ஒன்று அன்றைக்கு விழித்துக்கொண்டது, அவ்வளவுதான். அந்த வேலை என்ன?

ஓநாயின் சாகுபடி முறை

நாய் ஓநாய் வழியில் வந்தது. ஓநாய் வேட்டையாடுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் உற்றுப் பார்க்கும். பிறகு பதுங்கிப் போகும். துரத்தும். கவ்வும். கழுத்தைக் கடித்து உதறிக் கொல்லும். கிழிக்கும். கடைசியில் தின்னும். அமெரிக்க உயிரியல் அறிஞர் ரேமண்ட் காப்பிங்கர் இந்த வரிசையை வைத்துத்தான் நாய் இனங்களின் வேறுபாட்டை விளக்கினார்.

நமக்குப் புரிகிற மாதிரி சொல்லப்போனால் இது உழவு, விதைப்பு, களையெடுப்பு, அறுவடை, களத்தடிப்பு என்பது போல. நாம் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வோம். நெல் வீடு வந்து சேர வேண்டும் என்பதற்காகச் செய்வோம். ஓநாய்க்கும் அப்படித்தான், வயிறு நிறைய வேண்டும். ஆனால் நாயிடத்தில் இந்த வரிசை துண்டு துண்டாகிவிட்டது. ஒன்று உழுதுகொண்டே இருக்கும், விதைக்காது. மற்றொன்று களத்தில் அடித்துக்கொண்டே இருக்கும், நெல்லை வீட்டுக்கு எடுத்துப் போகாது. வயிற்றுக்காக அல்ல, அந்த வேலையைச் செய்வதிலேயே அதற்கு ஒரு சுகம். பொம்மையைக் கிழித்துப் பஞ்சை உருவிப் போட்டுவிட்டு, தின்னாமல் வாலாட்டிக்கொண்டு வருகிறதே, காரணம் இதுதான்.

அந்த வரிசையைத் துண்டாக்கியது யார்? நாம்தான்.

மனிதன் செய்த தெரிவு

ஜெர்மனியில் பான் நகருக்குப் பக்கத்தில் ஓபர்காசல் என்ற இடம். 1914-இல் கல் உடைக்கிறவர்கள் அங்கே பழைய புதைகுழி ஒன்றைக் கண்டார்கள். ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய். காலம் ஏறக்குறைய 14,000 ஆண்டுகளுக்கு முன்பு. அந்த நாயின் பற்களை ஆராய்ந்தவர்கள் 2018-இல் ஒரு செய்தி சொன்னார்கள். அது சுமார் ஏழு மாதக் குட்டி; நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற கொடிய நச்சுயிரி நோயில் சில வாரங்கள் படுத்திருக்கிறது; மனிதன் உணவும் தண்ணீரும் கொடுத்துப் பார்த்துக்கொள்ளாமல் அது அத்தனை நாள் தாங்கியிருக்க முடியாது என்கிறார்கள். நெல்லும் கோதுமையும் பயிரிடத் தெரியாத காலத்து மனிதன், வேட்டைக்கும் உதவாத நோயாளிக் குட்டியை வைத்துக் காப்பாற்றியிருக்கிறான்! உங்கள் வீட்டுக் குட்டிக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

பிறகு மனிதன் தனக்கு வேண்டிய குணத்தைப் பார்த்து, அந்த நாய்களை மட்டும் இனப்பெருக்கத்துக்கு வைத்தான். நாம் நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு எடுப்பதில்லையா, அது மாதிரி.

ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய நார்தம்பர்லாந்தில் 1893-இல் பிறந்தது ஓல்ட் ஹெம்ப் என்ற நாய். ஆட்டை உற்றுப் பார்த்தும் பதுங்கியுமே மந்தையை நகர்த்தும், கடிக்காது. இன்றுள்ள பார்டர் கோலி ஆட்டு நாய்களில் பெரும்பாலானவை அதன் வழியில் வந்தவை. இங்கே வரிசையின் முன்பாதியை வைத்துக்கொண்டு பின்பாதியை அடக்கிவிட்டார்கள்.

ஸ்காட்லாந்தில் ட்வீட்மவுத் பிரபு என்பவர் 1868-இல் நௌஸ், பெல் என்ற இரண்டு நாய்களைச் சேர்த்து மஞ்சள் நிறக் குட்டிகளைப் பெற்றார். கோல்டன் ரெட்ரீவர் இனத்துக்கு அதுதான் ஆரம்பம். சுட்டு விழுந்த வாத்தைப் பல் படாமல் கவ்விக்கொண்டு வந்து கொடுப்பது அதன் வேலை. கவ்வும் ஆசை உண்டு, கிழிக்கும் ஆசை குறைவு. இந்த வகை நாய்தான் ஒரே பொம்மையை மாதக்கணக்கில் வாயில் வைத்துக்கொண்டு திரியும்.

டெரியர் வகை இதற்கு நேர் எதிர். 1823-இல் இலண்டனில் பில்லி என்ற நாய் ஐந்தரை நிமிடத்தில் நூறு எலிகளைக் கொன்றது. கவ்வு, உதறு, போடு, அடுத்தது. எலியைத் தின்ன நேரம் ஏது? அந்த நாய்க்கு ஒரு துணி பொம்மை கிடைத்தால் என்ன ஆகும், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நம் பக்கத்துச் சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்துவதற்கென்று வளர்த்தவை. ஓடுகிற பொருளைக் கண்டால் அவற்றின் கால் சும்மா இருக்காது. அதைக் குற்றம் என்று சொல்ல முடியுமா? ஓடத்தானே வளர்த்தோம்!

பொம்மை வந்த வழி

இனிப் பொம்மையின் கதை. ஜெர்மனியில் கீங்கன் என்ற ஊரில் மார்கரெட் ஸ்டைஃப் என்ற அம்மையார் இருந்தார். சிறு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் செயல் இழந்தவர். தையல் வேலை செய்து பிழைத்தார். 1880-இல் ஊசி குத்தி வைப்பதற்காக அவர் செய்த துணி யானையைக் குழந்தைகள் விளையாடப் பிடித்துக்கொண்டார்கள். அதிலிருந்து ஒரு தொழிலே வளர்ந்தது. 1902-இல் அவருடைய அண்ணன் தம்பி பிள்ளைகளில் ஒருவரான ரிச்சர்ட் கை கால் அசையும் கரடியை வடிவமைத்தார். அதே ஆண்டு அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கட்டிப்போட்ட கரடியைச் சுட மாட்டேன் என்று மறுத்தார். அந்தச் செய்தி படமாகப் பத்திரிகையில் வர, நியூயார்க்கில் ஒரு மிட்டாய்க் கடைக்காரத் தம்பதி அவருடைய செல்லப் பெயரை வைத்து 'டெடி' கரடி செய்து விற்றார்கள். இரண்டு நாட்டிலும் ஒரே சமயத்தில் கரடி பொம்மை பிறந்தது.

அக்காலத்து ஸ்டைஃப் கரடிகளின் மேல்துணி எதனால் ஆனது தெரியுமா? அங்கோரா ஆட்டு மயிரால். குழந்தைக்கு அது பொம்மை. நாய்க்கோ மெத்தென்று, மயிரோடு, வாயில் அடங்குகிற ஒரு சின்னப் பிராணி. இப்போது அழுத்தினால் கீச்சென்று கத்துகிற பொம்மைகள் வேறு வருகின்றன. அகப்பட்ட குஞ்சு கத்துகிற மாதிரியே ஒரு சத்தம்! கிழித்த பிறகுதான் நிற்கிறது.

இங்கிலாந்தில் ஜான் பிராட்ஷா என்ற அறிஞரும் அவரோடு இருந்தவர்களும் நாய்களுக்குப் பொம்மை கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் நாய்க்குச் சலிப்பு வந்துவிடுகிறது. வேறு ஒன்றைக் கொடுத்தால் மறுபடி உற்சாகம் வருகிறது. கடித்தால் உருமாறுகிற, பிய்கிற பொருள் அதற்கு மிகவும் பிடிக்கிறது. தன் வாய் செய்த வேலை கண்ணுக்குத் தெரிய வேண்டும் அல்லவா!

அப்படியானால் பாசம் பொய்யா? பொய் இல்லை. பிடித்த பொருளைத் தன் படுக்கைக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்வதும் அந்தப் பழைய குணம்தான். மெல்லும்போது நாயின் மனம் அமைதி அடைகிறது. பெட்டை நாய்க்கு இன்னொரு காரணமும் உண்டு. பருவத்துக்கு வந்து இரண்டு மாதம் போனபிறகு, குட்டி தரிக்காவிட்டாலும் சிலவற்றுக்குப் பொய்ச்சினை தோன்றும். மடியில் பால்கூடச் சுரக்கும். அப்போது பொம்மையையோ செருப்பையோ குட்டி என்று நினைத்துக் காக்கும். பிடுங்கப் போனால் உறுமும். மூன்று நான்கு வாரத்தில் தானே சரியாகிவிடும், அடிக்க வேண்டாம்.

நமக்கு என்ன பாடம்?

அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை யாரோடு பழகுகிறதோ, அவர்களைத் தன் கூட்டமாக ஏற்கிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. துருக்கி, இத்தாலி நாட்டு இடையர்கள் நூல் படிக்காமலே இதைச் செய்துவந்தார்கள். காவல் நாய்க் குட்டியை ஆட்டுப் பட்டியிலேயே போட்டு வளர்ப்பார்கள். வளர்ந்த பிறகு அந்த நாய்க்கு ஆடு இரையாகத் தெரியாது, உறவாகத் தெரியும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நம் முன்னோர் சொன்னது நாய்க்கும் பொருந்தும்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். குட்டியைச் சின்ன வயதிலேயே கோழியும் ஆடும் உள்ள இடத்தில், உங்கள் கண் எதிரே, கயிற்றில் கட்டிப் பழக்குங்கள். குஞ்சைப் பார்த்தும் பேசாமல் இருந்தால் ஒரு வாய் சோறு கொடுங்கள். ஒரு வயது ஆகும்வரை குஞ்சுகளோடு தனியே விடாதீர்கள். வேட்டை இன நாயாக இருந்தால் வளர்ந்த பிறகும் நம்ப வேண்டாம். குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் மூடி வையுங்கள்.

இரண்டாவது, வாய்க்கு வேலை கொடுங்கள். குட்டிக்கு 28 பால் பற்கள். மூன்று நான்கு மாதத்தில் அவை விழத் தொடங்கி, ஏழு மாதத்துக்குள் 42 பற்கள் முளைக்கும். அந்தக் காலத்தில் ஈறு ஊறும். கடிக்காமல் என்ன செய்யும்? அமெரிக்காவில் ஜோ மார்க்கம் என்பவரின் நாய் கல்லைக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொண்டிருந்தது. வண்டி பழுது பார்க்கும்போது கையில் கிடைத்த ரப்பர்க் கட்டையை அதன் முன் போட்டார். கல்லை விட்டுவிட்டு ரப்பரைப் பிடித்துக்கொண்டது நாய். 1970-களில் அதிலிருந்தே 'காங்' என்ற ரப்பர்ப் பொம்மை பிறந்தது. உங்களுக்குச் செலவு வேண்டாம். பழைய பருத்தித் துணியைத் தடிமனாக முறுக்கி இறுக்கமாக முடிச்சுப் போட்டுக் கொடுங்கள். நூல் பிரிந்தால் மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது, நைலான் கயிறு, பிளாஸ்டிக் பை, பஞ்சு பிதுங்கிய பொம்மை, பொத்தான் கண் இவற்றை எட்டவே விடாதீர்கள். விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். வாந்தி, தீனி எடுக்காமை, முக்கியும் சாணி வராமை கண்டால் அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வாயில் இருப்பதை வெடுக்கென்று பிடுங்கவும் கூடாது. பிடுங்கினால் அவசரத்தில் விழுங்கிவிடும். வேறு தின்பண்டம் காட்டி மாற்றி வாங்குங்கள். குட்டி விளையாட்டாகக் கடித்தாலும் பல் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போய் மருத்துவர் சொல்கிறபடி தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. டிஸ்டெம்பருக்கும் தடுப்பூசி உண்டு. 14,000 ஆண்டுகளுக்கு முன்பு ஓபர்காசல் மனிதனுக்குக் கிடைக்காத மருந்து நமக்குக் கிடைக்கிறது. விட்டுவிடலாமா?

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லி, "அக்கரையிலே விடாதீங்கம்மா, பஞ்சாரமும் ஒரு முடிச்சுத் துணியும் போதும்" என்றேன். நாலு மாதம் கழித்து அந்த ஊருக்குப் போனேன். நாய் வாசலில் துணி முடிச்சை மென்றுகொண்டிருந்தது. "குஞ்சு எப்படிம்மா?" என்று கேட்டேன். "ஒண்ணு போச்சு தம்பி. ஆனா அது பருந்து தூக்கினது. குரைச்சு எழுப்பினதே இந்த நாய்தான்" என்றார்.

நாயை நாம்தான் இப்படி வளர்த்தோம். அதன் வாய்க்கு வேலை காட்டும் பொறுப்பும் நம்முடையதுதான்.