படுவான்கரைத் துவக்கும் வீட்டு மருந்தும்

சுட்ட பித்தளைக் கோதில் புதிய கேப்பும் (தட்டினால் பொறி தரும் தொப்பி) வெடிமருந்தும் ஈயக் குண்டும் ஏற்றி, கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா விழும் இயந்திரம் பல அமெரிக்க வீடுகளில் உண்டு. அதை நவீனப் பொழுதுபோக்கு என்று மட்டும் நினைப்பது சரியல்ல. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், யானையிடமிருந்தும் பன்றியிடமிருந்தும் வேளாண்மையைக் காத்த வாய்வழித் துவக்குக்காரன் ஒவ்வொரு வெடிக்கும் இதே வேலையைத்தான் செய்தான். மருந்தைக் கொட்டி, தக்கை வைத்து, குண்டை இறக்கி, கோலால் கெட்டிப்பான். துவக்கின் குழலே அவனுக்குக் கோது. தோட்டாவைக் கடையில் வாங்குவதுதான் பின்னால் வந்த பழக்கம்.

ஊரவன் எப்போதும் வெளிச்சரக்கை நம்பித்தானே இருந்தான் என்று கேட்கலாம். ஈயத்துக்கு அது பொருந்தும். மருந்துக்கு முழுக்கப் பொருந்தாது. இலங்கைக் குகைகளில் வௌவால் எச்சம் ஊறிய மண்ணிலிருந்து மருந்தின் முக்கியச் சேர்மானமான வெடியுப்பு எடுத்ததைப் பிரித்தானிய மருத்துவர் ஜோன் டேவி 1821இல் எழுதியிருக்கிறார். கண்டிக் கொல்லர்கள் துவக்கே செய்தார்கள். அதன் விசைப்பொறி இடப்புறம் இருக்கும், ஐரோப்பியத் துவக்குக்கு நேர்மாறாக. துவக்கில் பொறி தட்டத் தீக்கல் இருந்தவரை இந்தத் தற்சார்பு ஓரளவு நிலைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த கேப்புதான் அதை முறித்தது. விரல்நுனி அளவுச் செப்புத் தொப்பி. உள்ளே தட்டினால் வெடிக்கும் இரசாயனம். எந்தக் கொல்லனின் உலையிலும் அது பிறக்காது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் துவக்கை அனுமதிப்பத்திரத்தில் கட்டியது என்பார்கள். உண்மைதான், ஆனால் கேப்பு அதற்கு முன்பே துவக்குக்காரனைக் கடைவாசலில் நிறுத்திவிட்டது. அமெரிக்க வீட்டு இயந்திரமும் கேப்பைச் செய்வதில்லை, பொருத்த மட்டுமே செய்கிறது.